அரை இஞ்சு

பழைய சைக்கிள் ஒன்றைக் கண்டால் அந்த மெக்கானிக் முதலில் அதன் சீட்டைத்தான் தடவிப் பார்ப்பார். செயின், சக்கரம், துரு எல்லாம் அப்புறம். கண்ணை மூடிக்கொண்டு, வறண்டு வெடித்த தோலின்மேல் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து மெல்ல விலக்கிக்கொண்டே போவார். எங்காவது இரண்டு பள்ளங்கள் அகப்பட்டால் விரல்கள் அங்கேயே நின்றுவிடும். பள்ளங்களுக்கு நடுவே ஆறு விரல் அகலம் இருந்தால் கண்ணைத் திறப்பார்.

"அது சின்னப் பசங்க சைக்கிளுங்க. வேணும்னா தூக்கிட்டுப் போங்க" என்றார் பழைய இரும்புக் கடைக்காரர். உடைந்த இரும்புக் கட்டில்களுக்கு அடியில் பாதி புதைந்து கிடந்த சைக்கிள் அது.

"சின்னப் பசங்க ஒக்காந்தா தோல்ல இப்படிப் பள்ளம் விழுமா? இதுல பெரிய ஆளு ஒக்காந்திருக்கு. இருபது வருசமாவது வேலைக்குப் போயிருக்கு. எடது பக்கம் கொஞ்சம் சாஞ்சு ஒக்காருற ஆளு. தோள்ல பை மாட்டியிருப்பாரு போல."

"ரேகை பாக்குறவன் கையைப் பாத்துச் சொல்லுவான். நீங்க எதைப் பாத்துச் சொல்றீங்கன்னு வெளியில பேசிக்காதீங்க" என்றார் கடைக்காரர்.

இவர் சிரிக்கவில்லை. சைக்கிளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து உருவுவதிலேயே கவனமாக இருந்தார். குள்ளமானவர்களுக்கென்று அளவெடுத்ததுபோல் ஒரு காலத்தில் செய்த சைக்கிள்களைத் தேடுவதுதான் அவர் வேலை. தேடிக் கொண்டுவந்து, துரு நீக்கி, தேய்ந்ததை மாற்றி, கால் எட்டாமல் தவிக்கிற ஒருவரிடம் ஒப்படைப்பார். பார்க்கிற எல்லோருக்கும் அது குழந்தைகள் சைக்கிளாகத்தான் தெரியும். அவருக்கு அதில்தான் கோபம். குழந்தைகள் சைக்கிளில் கேரியர் தகரத்தில் இருக்கும். இதில் ஒரு மூட்டை ஏற்றலாம். சீட்டுக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங் சுண்டுவிரல் தடிமன். விளக்கு மாட்டக் கொக்கி இருக்கும். இருட்டும்வரை வேலை பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவருக்குத்தானே விளக்கு வேண்டும் என்பார்.

இத்தனைக்கும் அவர் உயரம் ஆறடி இரண்டு அங்குலம். தெருவில் அவருக்கு ஏணி என்று பெயர். கடைக்கும் அதே பெயர்தான். பலகையில் வேறு ஏதோ எழுதியிருக்கிறது, யாரும் படித்ததில்லை. கடை வாசலின் மேல்கட்டையில் பழைய ட்யூபை நாலு சுற்று சுற்றி வைத்திருக்கிறார். சைக்கிளுக்கு அல்ல, தலைக்கு. உள்ளே கூரையிலிருந்து தொங்கும் சைக்கிள்களுக்கு நடுவே அவர் குனிந்து குனிந்து நடப்பதைப் பார்த்தால், விளையாட்டுப் பொம்மைகள் விற்கும் கடைக்குள் யாரோ ஒரு கம்பத்தை நட்டுவைத்தது போலிருக்கும். தான் சரிசெய்யும் சைக்கிள் எதிலும் அவர் ஏறுவதில்லை. ஏறினால் முழங்கால் மோவாயை இடிக்கும்.

"மிட்டாய் கடைக்காரனுக்குச் சர்க்கரை வியாதி வந்த மாதிரி எங்க அண்ணன் பொழப்பு" என்பார் அவர் தங்கை.

தங்கை நாலடி எட்டு அங்குலம். அதே வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறார். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்றால் புதிதாக வருகிறவர்கள் நம்புவதில்லை. அதற்கும் அவரிடம் பதில் உண்டு. "மொதல்ல பொறந்தவரு இருந்த துணி பூராவையும் தச்சுப் போட்டுக்கிட்டாரு. எனக்கு வந்தது வெட்டுத்துணி."

இந்தத் தங்கையில்தான் எல்லாம் தொடங்கியது. அப்போது அண்ணன் வேறொரு சைக்கிள் கடையில் கூலிக்கு இருந்தார். தங்கை ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போக ஒரு சைக்கிள் வாங்கினார். சீட்டை அடிமட்டம்வரை இறக்கியும் பெடல் கீழே போகும்போது கால் கட்டைவிரல் நுனிதான் எட்டியது. கடை முதலாளி பார்த்துவிட்டு, "பழகிடும்" என்றார். தங்கை நாலு வருடம் அதை ஓட்டினார். இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி ஓட்டியதில் இடுப்பு வலி வந்ததே தவிர பழக்கம் வரவில்லை. அதனால் அண்ணன் கடையில் அந்த ஒரு சொல்லுக்கு இடமில்லை. யாராவது வாய் தவறிச் சொன்னால் கையில் இருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார்.

"செருப்பு கடிக்குதுன்னு போனா, காலு பழகிடும்னு சொல்றவன் செருப்புக் கடை வெக்கலாமா? சைக்கிள் ஆளுக்குப் பழகணுங்க. ஆளு சைக்கிளுக்குப் பழகக் கூடாது."

பழமொழி சொல்லித் தேற்றுகிறவர்களையும் அவருக்குப் பிடிக்காது. ஒருநாள் சைக்கிள் வாங்க வந்த வங்கி எழுத்தரிடம், உடன் வந்த நண்பர், "கடுகு சிறுத்தாலும் காரம் கொறையாதுப்பா" என்று தோளில் தட்டினார். இவர் நிமிர்ந்தார். நிமிர்ந்தால் கூரையில் தொங்கும் பெடல் ஒன்று நெற்றியில் படும், பட்டது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "காரம் எவ்வளவுன்னு நாங்க கேக்கலீங்க. கால் எவ்வளவுன்னுதான் கேட்டோம்" என்றார்.

உயரம் என்ன என்று அவர் யாரையும் கேட்பதில்லை. "வயசைக் கொறச்சுச் சொல்வாங்க, ஒசரத்தைக் கூட்டிச் சொல்வாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது." ஆளைச் சுவரோரம் நிறுத்தி, கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே மேல்வரை ஏற்றி, அது நிற்கிற உயரத்தைச் சுவரில் கோடு போட்டு அளப்பார். பெண்களுக்கு இதைத் தங்கை தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்துவிட்டு, எண்ணை மட்டும் உரக்கச் சொல்வார். அப்புறம் கை நீளம், பாத நீளம், தோள் அகலம். ஒரு சட்டைக்கு எடுப்பதைவிட அதிக அளவு.

அளவு இவ்வளவு எதற்கு என்று நான் கேட்டபோது அவர் சட்டையை வைத்தே விளக்கினார். பெரிய சட்டையைச் சின்னதாக்க வேண்டும் என்றால் கையை மட்டும் வெட்டினால் போதுமா? கழுத்து, தோள், பொத்தான் இடம் எல்லாம் மாற வேண்டும். சைக்கிளும் அப்படித்தான். சட்டத்தை மட்டும் குறைத்தால் சீட்டு இறங்கும். மற்றதெல்லாம் நெட்டையாகவே நிற்கும். கை எட்டாது. அதைவிட மோசம், முன்சக்கரம் காலுக்கு மிக அருகில் வந்துவிடும். நேராகப் போகும்போது தெரியாது. மெதுவாக ஒரு திருப்பத்தில் ஹேண்டில்பாரை வளைக்கும்போது செருப்பின் நுனி மட்கார்டில் போய் இடிக்கும். பழைய குட்டைச் சைக்கிள்களைச் செய்தவர்கள் இதை யோசித்துச் செய்திருக்கிறார்கள். சக்கரத்தைச் சிறியதாக்கினார்கள். பெடலைத் தாங்கி நிற்கும் இரும்புக் கையை, கிராங்க் என்பார்களே அதை, ஆறரை இஞ்சிலிருந்து ஐந்தரைக்குக் குறைத்தார்கள். ஒரே ஒரு இஞ்சு. அந்த ஒரு இஞ்சில்தான் பாதம் தப்பிக்கிறது.

"அரை இஞ்சுதானேன்னு சொல்றவங்க வாய்க்குள்ள அரை இஞ்சு நீளமா ஒரு பல்லைக் கட்டி விடணும்" என்பார்.

இப்படிப்பட்டவர்தான் அந்தத் தப்பைச் செய்தார்.

வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண் கட்டிவிடும் நர்சு ஒருவர் அவர் சரிசெய்து கொடுத்த சைக்கிளை இரண்டு வருடமாக ஓட்டிவந்தார். நாலடி ஒன்பது. பதினோரு வீடுகள், தினமும். கிராங்க் இரண்டும் அச்சில் பொருந்தும் இடத்தில் தேய்ந்து, பெடல் ஆடத் தொடங்கியது. ஒரு சாயங்காலம் கொண்டுவந்து விட்டுவிட்டு, காலையில் வேண்டும் என்றார். கடையில் ஐந்தரை இஞ்சு கிராங்க் இல்லை. பெட்டி பெட்டியாகக் கொட்டிப் பார்த்ததில் ஆறு இஞ்சில் ஒரு ஜோடி கிடைத்தது. அதை மாட்டினார். வழக்கமாக ஓட்டிப் பார்த்துச் சொல்லும் தங்கை, தன் மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். இவர் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றிப் பார்த்தார். சத்தமில்லாமல் சுழன்றது.

"ஸ்டாண்டுல நிக்கும்போது எல்லாச் சைக்கிளும் நல்ல சைக்கிள்தாங்க" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். பிறகு, "அரை இஞ்சுதானேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். யாரும் கேக்கல. ஆனா சொன்னேன்" என்றார்.

மறுநாள் மூன்றாவது வீட்டின் வாசலில், கேட்டுக்குள் வலப்பக்கம் திரும்பும்போது நர்சின் இடது கால் நுனி மட்கார்டில் மாட்டியது. கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு உடைந்தது.

மெக்கானிக் அவரைப் பார்க்கப் போனார். நர்சு கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்து, "வாசல்ல மண்ணு வழுக்கிருச்சு அண்ணா. கவனிக்காம விட்டுட்டேன்" என்றாராம். அதோடு விட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். இவர், "மண்ணு இல்ல சிஸ்டர். நான்" என்றார். கிராங்க் கதையை முழுவதும் சொன்னார். நர்சு அடிபட்ட கையை மடிக்கு நகர்த்திக்கொண்டார். அப்புறம், "ஏன் அண்ணா சொன்னீங்க? மண்ணுன்னா திரும்ப ஏறியிருப்பேன்" என்றார்.

அந்த வார்த்தை அவரை இரண்டு மாதம் உட்காரவிடவில்லை. ஏழு இஞ்சுக் கிராங்க் ஒரு ஜோடியைப் பிடித்து, பெடல் மாட்டும் துளையை ஒன்றரை இஞ்சு உள்ளே தள்ளிப் புதிதாகப் போட்டார். இடது பக்கத்துக்கு எதிர்மரை, அதாவது தலைகீழாகத் திருகும் மரை, வெட்ட வேண்டும். இரண்டு முறை கெடுத்து, மூன்றாவது முறை சரியாக வெட்டினார். மிச்ச நுனியை அறுத்து, அரத்தால் தேய்த்து உருட்டையாக்கினார். இதற்கு நடுவே, முடித்துத் தொங்கவிட்டிருந்த ஒன்பது சைக்கிள்களில் ஒன்றைக்கூட அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒன்றுக்கு பிரேக் கட்டை சரியில்லை, ஒன்றுக்கு மணி சரியில்லை. தங்கை திரும்பி வந்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொல்லியும் கொடுக்கவில்லை.

"மணி அடிக்கலன்னா வாயால கத்திக்கிட்டுப் போவாங்க, குடுத்து அனுப்புங்கண்ணே. ஒங்களுக்குப் பயமா இருந்தா பயம்னு சொல்லுங்க. பாவம் மணி மேல பழி போடாதீங்க."

"பயம்தான்" என்றார்.

நர்சுக்குக் கட்டு பிரித்தார்கள். அலுவலகத்தில் ஒரு கெடு வைத்திருந்தார்கள். வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து பழையபடி சைக்கிளில் போக முடிந்தால் அவருடைய பதினோரு வீடுகளும் அவருக்கே. முடியாவிட்டால் அந்த வீடுகள் வேறொருவருக்கு. நர்சு மருந்துக் கிடங்கில் உட்கார்ந்து டப்பாக்களுக்குச் சீட்டு எழுத வேண்டும். கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஒரு காலை நேரம், அவர் கடைக்கு நடந்து வந்தார்.

"கை ஆறிருச்சு. காலுதான் மாட்டேங்குது" என்றார். "தெரிஞ்சவங்க சைக்கிள் ஒண்ணுல ஏறிப் பாத்தேன். காலைத் தூக்கிப் பெடல்ல வெக்கிறதுக்குள்ள வேர்த்துப் போச்சு. அந்த வீட்டுல எல்லாம் என்னையத்தான் கேக்குறாங்களாம். புதுசா வர்ற பொண்ணு நல்லாத்தான் பண்ணுதாம், ஆனா ஒரு அம்மா சோறு எறங்கலைங்குதாம். அது சும்மா. எனக்குத்தான் எறங்கல."

தங்கை, புதுக் கிராங்க் மாட்டிய நர்சின் சைக்கிளை எடுத்துத் தெருவில் இரண்டு சுற்று சுற்றிக் காட்டினார். வலப்பக்கம், இடப்பக்கம், எட்டுப் போட்டும் காட்டினார். நர்சு தங்கையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க செருப்பு ரெண்டாம் நம்பரு, அக்கா. எனக்கு நாலு" என்றார். அப்புறம் மெக்கானிக்கைப் பார்த்தார். "நீங்க ஏறுங்க அண்ணா."

எதிர்க்கடையில் முடிதிருத்துகிறவர் வாடிக்கையாளரின் தலையைப் பாதியில் விட்டு வெளியே வந்துவிட்டார். பாதித் தலையும் வந்தது.

இவர் மறுக்கவில்லை. தங்கையிடம் துணியில் கோடு போடும் சாக்குக் கட்டியை வாங்கி, முன்மட்கார்டின் பின்பக்கத்து ஓரங்களில் இரண்டு புறமும் அழுத்திப் பூசினார். "காலு பட்டா காட்டிக் குடுத்துரும்" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

அதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கக் கல் மனசு வேண்டும். முழங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் இறக்கை மாதிரி விரிந்தன. முதுகு வளைந்து ஹேண்டில்பாருக்கு மேல் தாழ்ந்தது.

"ஏணியை மடிச்சு வெச்சா இவ்வளவு எடந்தான் பிடிக்குமா!" என்றார் முடிதிருத்துகிறவர்.

"பாத்து அண்ணே. நீங்க விழுந்தா விழுந்து முடிக்க நேரமாகும்" என்றார் தங்கை.

அவர் காதில் எதுவும் விழவில்லை. தெருவின் நடுவே, நடக்கிறவரைவிட மெதுவாக, வலப்பக்கம் ஒரு வட்டம் போட்டார். நின்றார். இறங்கினார். குனிந்து தன் இடது ஷூவைப் பார்த்தார். நுனியில் வெள்ளைக் கோடு. வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. ஷூவே பழசு, தூசி படிந்தது. அவர் நேராக நர்சிடம் வந்து காலைத் தூக்கிக் காட்டினார்.

"பட்டிருச்சு" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. நர்சு அந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு பட்டுச்சு?" என்றார்.

"அரை விரக்கடை." ஷூவைக் கழற்றினார். நர்சின் செருப்பையும் கேட்டு வாங்கினார். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குதிகாலைச் சமமாக்கவில்லை. பெடலில் ஊன்றுகிற இடம் எதுவோ, தேய்மானத்தைப் பார்த்து அதைச் சமமாக்கினார். நுனிகளுக்கு நடுவே விரலை வைத்து அளந்தார். "எனக்கு ஒண்ணரை விரக்கடை கூட இருக்கு. அப்ப ஒங்களுக்கு நடுவுல ஒரு விரல் எடம் மிச்சம் இருக்கணும். கணக்குக்கு இருக்கணும். நான் போன தடவையும் கணக்குத்தான் போட்டேன். நீங்க ஏறினாத்தான் தெரியும்."

நர்சு செருப்பை மாட்டிக்கொண்டார். உடனே ஏறவில்லை. அவர் கையிலிருந்து சாக்குக் கட்டியை வாங்கி, மட்கார்டின் ஓரங்களில் அவர் பூசியதற்கு மேலேயே இன்னொரு தடவை, தடிப்பாக, தானே பூசினார். கட்டியைத் தங்கையிடம் கொடுத்தார். சீட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஏறினார்.

முதல் பத்தடி சைக்கிள் ஆடியது. அப்புறம் நேரானது. தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தவர், கடைக்கு எதிரே வந்ததும் வேகத்தைக் குறைத்து, வலப்பக்கம் ஹேண்டில்பாரை ஒடித்துச் சின்னதாக ஒரு வட்டம் போட்டார். உதட்டைக் கடித்திருந்தார். இரண்டாவது வட்டம் அதைவிடச் சின்னது. பிறகு இடப்பக்கமும் ஒன்று. கடை வாசலில் வந்து நின்று, சீட்டிலிருந்து இறங்காமலே வலது காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

மெக்கானிக் அவர் முன்னே குந்தினார். அன்று மாட்டிக்கொண்ட இடது காலைத்தான் முதலில் கேட்டார். செருப்பின் நுனியில் ஆள்காட்டி விரலை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை இழுத்தார். விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை. தங்கையிடம் நீட்டினார். தங்கையும் பார்த்து, "சுத்தம்" என்றார்.

நர்சு மூச்சை விட்டுச் சிரித்துவிட்டார். "ஒண்ணாந்தேதி வரைக்கும் எதுக்கு? இப்பவே மொத வீட்டுக்குப் போயி தலையக் காட்டிட்டு வந்துடுறேன். வரட்டுமா அண்ணா?"

முடிதிருத்துகிறவர் பாதித் தலையை உள்ளே அழைத்துக்கொண்டு போனார். தங்கை நகர்ந்து சைக்கிளுக்கு வழி விட்டார். இவர் எழுந்திருக்கவில்லை. குந்தியபடியே சக்கரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் நகர்ந்து வந்து, உள்ளங்கையை மேலே விரித்து, மற்றக் காலுக்காக நீட்டினார்.